உப்புக்குப் பாரபட்சம் உண்டு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. முதல் நாள் கிளினிக்கில் வந்த பிரஷர் எண் நூற்று அறுபத்து நான்கு என்று கிரேன்காரர் சொல்வார். அவருடைய மச்சானோ, "அதெல்லாம் இல்ல, நூத்தி எழுபத்தெட்டு, மெஷினே அலறிடுச்சு" என்பார். மச்சான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும், சரி. எந்தப் பாதியை என்பதுதான் தெரியாது. கிரேன்காரரின் மனைவியிடம் கேட்டால், "எண்ணு எதுவா இருந்தா என்ன, கடைசில அசடு வழிஞ்சது நான்தானே" என்று சிரித்துக்கொண்டே பேச்சை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுவார். மூவர் சொன்னதையும் சேர்த்து, கிழிந்த இடத்தில் நானே தையல் போட்டுத்தான் சொல்கிறேன். தையல் வெளியே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரேன்காரருக்கு வேலை, எழும்புகிற கட்டடங்களுக்குப் பக்கத்தில் அதைவிட உயரமாக நிற்குமே, அந்த டவர் கிரேனின் உச்சியில். ஓர் இருக்கை, இரண்டு கைப்பிடிகள், காலுக்கடியில் ஒரு கண்ணாடி. காலையில் ஏணியில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். மற்றவர்களுக்கு அந்த உயரம் பயம். அவருக்கு அது வீட்டுக்கு வெளியே கிடைத்த ஒரு தனியறை. கீழே சுத்தியல், கலவை இயந்திரம், வசவு, சிரிப்பு எல்லாம் ஒன்றாகக் குழைந்து ஒரு தூரத்து முணுமுணுப்பாக மட்டுமே மேலே வரும். கொக்கியில் தொங்கும் கம்பிக்கட்டு காற்றில் ஆடத் தொடங்கினால், அது ஆடும் பக்கமே கையையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தூங்காத குழந்தையைத் தோளில் போட்டு அமர்த்துவதுபோல அமர்த்துவார். அதற்குப் பேச்சு தேவையில்லை. பேச்சு தேவைப்படாத வேலை ஒருவனுக்கு வாய்ப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றியும் அவர் யாரிடமும் பேசியதில்லை.

அந்தக் கொடுப்பினைக்குத்தான் உலை வைத்தது வருடாந்தரப் பரிசோதனை. பிரஷரின் மேல் எண் நூற்று ஐம்பதைத் தாண்டினால் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. "அடுத்த மாசக் கடைசியில மறுபடி வாங்க. குறைஞ்சிருந்தா ஏறலாம். குறையலேன்னா கீழ ஏதாவது வேலை பார்க்கலாம்" என்றார்கள். 'கீழ ஏதாவது வேலை' என்ற மூன்று சொற்களும் அவர் காதில் ஒருவருடைய மரணச் செய்திபோல விழுந்தன.

வீட்டில் செய்தியைச் சொன்னதும் அவர் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"உப்பைக் குறைக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"குறைக்கிறது என்ன குறைக்கிறது? நிறுத்திடுவோம்."

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் பயிற்சியாளர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும் அல்லவா, அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எல்லார் வண்டிக்கும் தன் காலடியில் ஒரு பிரேக் இருப்பதாகவே நினைப்பார். மிதித்தால் பாதியாக மிதிக்க மாட்டார். அன்று மாலையே உப்பு ஜாடி பரண் ஏறியது. முட்டைக்கு உப்பில்லை, மீனுக்கு உப்பில்லை, அவித்த உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாடம் நடத்தும்போது கொறிப்பதற்காகக் காருக்குள் எப்போதும் வைத்திருக்கும் உப்புக் கடலைப் பொட்டலத்தையும் அவரே பக்கத்துக் கடைக்காரரிடம் தானம் செய்துவிட்டார். "நீங்க பட்டினி கிடக்க நான் மட்டும் கொறிக்கிறதா? ஆளுக்கொரு சட்டம் கிடையாது" என்றார்.

சட்டத்தை அவ்வீட்டில் மதிக்காத ஒரே பிரஜை மச்சான். மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், பின்னறையில் வாசம். வெட்டிய ஆப்பிளிலும் உப்பைத் தூவித் தின்கிற மனிதர். சாப்பாட்டு மேசைக்கு வந்து ஒரு வாய் வைத்தார், மென்றார், நிறுத்தினார்.

"ஏம்மா, இது சாப்பாடா, சாப்பாட்டுக்குப் போட்டோ காப்பியா?"

"அவருக்காகத்தாண்ணே. கொஞ்ச நாள் அனுசரிச்சுக்கோ."

"மாப்பிள்ளைக்குப் பிரஷர்னா நான் ஏன் விதவைச் சாப்பாடு சாப்பிடணும்?" என்று எழுந்துபோய், தன் கருவிப் பையிலிருந்து, ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் நடுவே, ஒரு சின்ன உப்பு டப்பாவை எடுத்து வந்தார். அடுத்த நாள் முதல் அது அவர் சட்டைப் பையிலேயே குடியேறியது.

வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷினும் வந்தது. புதிய பொருள் வீட்டுக்குள் வந்தால் எல்லாரும் ஒரு முறை தொட்டுப் பார்ப்பது வழக்கம்தானே. மூவரும் கையை நீட்டினார்கள். கிரேன்காரருக்கு நூற்று அறுபத்திரண்டு. மச்சானுக்கு, உப்பு தூவிய தக்காளியை மென்றுகொண்டிருந்தபோதே, நூற்றுப் பதினெட்டு. மனைவிக்கு நூற்று ஐம்பத்தெட்டு.

"இது கோளாறு மெஷின்" என்றார் மனைவி உடனே. "எனக்கு எப்படி வரும்? நான் ஒல்லி. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? இல்லையே."

"மெஷினுக்குக் கூட உன்னைப் பார்த்தா பயம்தான், அதான் ஏறியிருக்கு" என்றார் மச்சான். சிரித்தார்கள். அதோடு அந்த எண் காற்றில் போயிற்று.

அதற்குப் பிறகு சோதனை ஒரு வழிபாடுபோலாயிற்று. மனைவி தனக்குக் காலையில், பாடத்துக்குக் கிளம்புமுன், சும்மா ஒரு ஆர்வத்துக்காகப் பார்த்துக்கொள்வார். கணவருக்கு மாலையில். கிரேன்காரர் வேலையிலிருந்து வந்து, மாடிப்படி ஏறி, சமையலறையில் நின்றபடியே ஒரு ஜக்குத் தண்ணீரைக் கவிழ்ப்பார். ஜக்கைக் கீழே வைப்பதற்குள் மனைவி மெஷினின் பட்டையோடு நிற்பார். "உட்காருங்க. கையை நீட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம்." எண் வரும். நூற்று அறுபது. நூற்று அறுபத்து மூன்று. நூற்று ஐம்பத்தொன்பது. ஒரு நாள் அதிலும் ஓர் இறக்கம் தெரிய, மனைவி ஆசையோடு மீண்டும் கட்டினார். நூற்று அறுபத்தொன்று.

நாக்கில் ருசி செத்துப்போனதைக்கூடக் கிரேன்காரர் பொருட்படுத்தவில்லை. கீழே நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை. வாக்கி-டாக்கியைக் கையில் கொடுத்து, மேலே இருப்பவருக்கு வழிகாட்டும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். மேலே அவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவருக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் 'ஊஞ்சல்'. அவர் எதைத் தூக்கினாலும் அது ஆடாமல் இறங்கியதில்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கிரேன்காரருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்ப்பதுபோலிருந்தது. அதோடு சத்தம். தூரத்து முணுமுணுப்பாக இருந்ததெல்லாம் இப்போது காதுக்குள் வந்து உட்கார்ந்து பேசியது. எல்லாரும் எதையாவது கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாள் ஊஞ்சல் இறக்கிய பலகைக்கட்டு ஒரு சுற்று சுற்றி, அடுக்கி வைத்திருந்த குழாய்களை இடித்துச் சரித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தார். மேலே இருப்பவரைத் திட்டக் கழுத்தைத் தூக்க வேண்டும். கீழே நிற்பவரைத் திட்டுவது சுலபம்.

"கீழ நின்னு கை காட்டுறது ஒரு வேலையா? அதுகூட ஒழுங்கா வராதா? ஏம்பா, நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் சாப்பிடுறியா?"

கிரேன்காரர் ஒரு கணம் யோசித்தார். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வது அவர் சுபாவம்.

"இல்ல சார். ஒரு மாசமாப் போடுறதில்ல."

சுற்றியிருந்தவர்கள் அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. கலவை இயந்திரத்தின் பக்கத்திலிருந்து ஒருவர் தொடங்கி வைக்க, சாரத்தின் மேல் நின்றவர்கள் வரை சிரிப்பு ஏறிப்போயிற்று. கடைசியில் சூப்பர்வைசருக்கும் உதட்டில் சிரிப்பு பிதுங்கிவிட்டது. "அதானே பார்த்தேன்" என்று முனகிக்கொண்டே திரும்பி நடந்தார்.

அன்று வீட்டுக்கு நடக்கையில் கிரேன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டியபோது கோபமே வரவில்லையே என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உப்போடு ரோஷமும் போய்விடுமா என்ன? நிதானமாகத் தோண்டிப் பார்த்தார். ரோஷம் இருந்த இடத்தில் பயம்தான் உட்கார்ந்திருந்தது. இனிமேல் இப்படித்தான், கடைசிவரை இந்தச் சத்தத்துக்குள்தான் என்ற பயம். அதற்குப் பக்கத்தில் கோபத்துக்கு இடமில்லை.

மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். நிலைமையைப் பார்த்து அவருக்கும் மனம் இளகியிருந்தது. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"மாப்பிள்ளை, போட்டாலும் அதே எண்ணு, போடலேன்னாலும் அதே எண்ணு. அப்புறம் எதுக்கு இந்தத் தவம்? ஒரு துளி போட்டுக்கோங்க. அவகிட்ட நான் மூச்சு விடமாட்டேன்."

"வேண்டாம் மச்சான்."

"ஏன்?"

"அவகிட்ட சொன்ன வார்த்தை."

மச்சான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்று மாலைதான் வெடி வெடித்தது. எண் நூற்று அறுபத்து நான்கு. பரிசோதனைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மனைவி பட்டையைக் கழற்றாமல் கணவர் முகத்தையே பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. வெளியில எங்க சாப்பிடுறீங்க?"

"எங்கயும் இல்ல."

"எனக்கு நூத்தி முப்பத்தஞ்சு காட்டுது. கோளாறு மெஷின்லயே எனக்கு இறங்கியிருக்கு. உப்பைத் தொடாத எனக்கு இறங்குது, உங்களுக்கு இறங்கல. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? தினமும் வந்ததும் வராததுமா ஒரு ஜக்கு தண்ணி குடிக்கிறீங்களே, அது எந்த உப்புக்கு?"

மச்சான் குறுக்கிட்டார். "ஏம்மா, மனுஷன் தண்ணி குடிச்சாக்கூடக் குத்தமா?"

"நீ பேசாத. உன் பையிலிருந்து அவர் கைக்குப் போகலேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கிரேன்காரர் பட்டையைத் தானே கழற்றி, சுருட்டி, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். மௌனம் அவருக்குப் பழகிய ஊர். அதில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது என்று நினைத்திருந்தார். ஆனால் அன்றைய மௌனம் வேறு. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், தன் வாக்கைவிட ஒரு பழமொழியை நம்புகிறாள். மேலே இருக்கையில் உட்கார்ந்திருந்தால் இதையும் ஆடும் பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அமர்த்தியிருக்கலாம். இங்கே கைக்குப் பிடி எதுவும் அகப்படவில்லை.

பரிசோதனை நாளன்று மதியம் மூவரும் கிளினிக்குக்குப் போனார்கள். மனைவி வந்தது புகார் கொடுக்க. மச்சான் வந்தது வேடிக்கை பார்க்க. கிரேன்காரர் பதற்றத்தில் காத்திருக்கும் அறையிலிருந்த தண்ணீர்க் குழாயடியில் இரண்டு மூன்று டம்ளர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நர்ஸ் கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு பட்டையைக் கட்டினார்.

நூற்று அறுபத்தைந்து.

கிரேன்காரர் சுவரில் தெரிந்த ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும், புகார் வேண்டாம் என்றுதான் மனைவி முதலில் நினைத்தார். ஆனாலும் வாய் கேட்கவில்லை.

"சிஸ்டர், நான் வீட்டுல உப்பே போடுறதில்ல. இவர் வெளியில சாப்பிடுறாரு. ஒத்துக்க மாட்டேங்கிறாரு. வீட்டுக்கு வந்ததும் ஜக்கு ஜக்கா தண்ணி குடிக்கிறாரு. நீங்களே கேளுங்க."

நர்ஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏங்க அவ்வளவு தண்ணி?"

"பகல்ல குடிக்கிறதில்ல."

"ஏன்?"

"மேல பாத்ரூம் இல்ல. ஒரு தடவை இறங்கி ஏறினா எல்லார் வேலையும் நிக்கும். அதனால குடிக்கிறதில்ல. போறதும் இல்ல."

"இப்போ கீழதானே வேலைன்னாங்க?"

"பழக்கம்."

நர்ஸ் அவர் உட்கார்ந்திருந்த விதத்தை அப்போதுதான் கவனித்தார். கால்மேல் கால், முழங்கால்கள் இறுக்கமாக.

"கடைசியா எப்போ போனீங்க?"

"எங்க?"

"சினிமாவுக்கா கேக்குறேன்? பாத்ரூமுக்கு."

"காலையில." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். கிரேன்காரர்கள் நடுவில் அது ஒரு வித்தை. அவரைவிட அதிகம் தாக்குப்பிடிக்கிறவர் கிடையாது.

நர்ஸ் சட்டென்று பட்டையைக் கழற்றினார். "முட்ட முட்ட அடக்கி வச்சுக்கிட்டு வந்து உக்காந்தா பிரஷர் ஏறாம என்ன பண்ணும்? வீட்டுலயும் இதே கதைதானே? முதல்ல எந்திரிங்க. வலது பக்கம், கடைசி கதவு."

அவர் போனார். நேரம் போயிற்று. மச்சான் கதவுக்கு வெளியே நின்று, "மாப்பிள்ளை, அணையை மொத்தமாத் திறந்துட்டீங்களா? கரையோரத்துல இருக்கிறவங்களை எச்சரிக்கணுமா?" என்று குரல் கொடுத்தார். வரிசையில் காத்திருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்கள்.

திரும்பி வந்தவரை நர்ஸ் சாய்ந்து உட்காரச் சொன்னார். கால்மேல் கால் கூடாது. கையை மேசைமேல் வைக்க வேண்டும். "கொஞ்ச நேரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடியுமா?"

"அது அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்" என்றார் மனைவி மெல்ல.

அறையில் மின்விசிறி மட்டும் பேசியது. பிறகு பட்டை இறுகி, தளர்ந்தது. நூற்று நாற்பத்து நான்கு. நர்ஸ் இன்னொரு முறை பார்த்தார். நூற்று நாற்பத்தொன்று. கிரேன்காரர் தன் கையையே பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

நர்ஸ் கூப்பிட்டதும் வந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏறலாம். ஆனா மதியம் ஒரு தடவை இறங்கணும், தண்ணியும் குடிக்கணும். அதையும் எழுதித்தான் கையெழுத்துப் போடுறேன். நூத்தி நாப்பதும் கொண்டாடுற எண்ணு இல்ல, மாசம் ஒருக்கா வாங்க."

"அப்போ உப்பை நிறுத்தினது வீணா டாக்டர்?" என்றார் மனைவி.

"இவருக்குக் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். உப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்துக்காதும்மா. விருந்தாளி மாதிரி அது. தனியா வராது, தண்ணியையும் கூட்டிக்கிட்டு வரும். சிலர் உடம்பு சாயங்காலமே ரெண்டு பேரையும் வழியனுப்பி வச்சிடும். சிலர் உடம்புல ரெண்டும் பாயை விரிச்சுப் படுத்துக்கும். அப்போதான் குழாயெல்லாம் திணறும். யாரு எந்த ரகம்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது."

மனைவி தயங்கினார். கோளாறு மெஷினைப் பற்றிச் சொன்னார். முதலில் நூற்று ஐம்பத்தெட்டு, இப்போது நூற்று முப்பத்தைந்து. கொஞ்ச நாளாகத் தலைவலியும் இல்லை, பாடம் படிக்க வருகிறவர்கள் நன்றாக ஓட்டுகிறார்கள்போல என்று நினைத்தாராம். நர்ஸ் பட்டையை அவர் கையில் கட்டினார். நூற்று முப்பத்தாறு.

"மெஷின் நல்ல மெஷின்தான்" என்றார் டாக்டர். "பாய் விரிச்சுப் படுத்திருந்தது உங்க உடம்புலதான்."

"எனக்கும் பாருங்க, எனக்கும் பாருங்க" என்று மச்சான் கையை நீட்டினார். நூற்றுப் பதினெட்டு.

"அநியாயம்!" என்றார் மனைவி. "டப்பாவோட அலையிறான் சார் இவன்."

"இன்னைக்குத் தாங்குது. வயசு ஏற ஏற உடம்பு கட்சி மாறும், அதனால அள்ளிப் போடாதீங்க" என்று டாக்டர் சொன்னதில், முதல் இரண்டு சொற்களை மட்டும் மச்சான் காதில் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது மனைவிதான் ஓட்டினார். மச்சான் பின்னால். கிரேன்காரர் பக்கத்தில், அந்த இன்னொரு பிரேக்குக்கு நேராகக் கால்களை வைத்துக்கொண்டு. இரண்டு சிக்னல்கள் கடந்தபின் மனைவி சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"உங்களைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது."

இன்னொரு சிக்னல் போயிற்று.

"கோபமா?"

"இல்ல." பிறகு, அவரைப் பொறுத்தவரை ஒரு நீண்ட உரை: "உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான். சரி. தண்ணி குடிச்சவனெல்லாம் உப்பைத் தின்னவன்னு எந்தப் பெரியவங்க சொன்னாங்க?"

பின்னால் மச்சான் இருக்கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மனைவியும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கிரேன்காரர் சொன்னார்: "ஜாடி பரண்லயே இருக்கட்டும். எனக்கு வேண்டியதை நான் தட்டுல போட்டுக்கறேன். சமையல் உன் கணக்குல நடக்கட்டும்." வண்டி கொஞ்சம் மெதுவாகப் போயிற்று.

மறுநாள் காலை கிரேன்காரர் ஏணியில் ஏறினார். பாதி வழியில் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழுந்தன. கதவைச் சாத்தி, இருக்கையைத் தன் அளவுக்குத் தள்ளிக்கொண்டு, சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கொக்கியை இறக்கினார். அன்று தூக்கிய முதல் கம்பிக்கட்டு ஆடாமல் போய் உட்கார்ந்தது என்று கீழே நின்றவர்கள் சொன்னார்கள்.

கிரேன்காரர் இன்னும் மேலேதான் வேலை பார்க்கிறார். மதியம் ஒரு முறை இறங்கி ஏறுகிறார். மூட்டு வலிக்கிறது என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் மனைவி குறைந்த உப்பில் பழகிவிட்டார். இப்போது வெளியில் சாப்பிட்டால் வாயைச் சுளிக்கிறார். சின்னதாக ஒரு மாத்திரையும் உண்டு. மச்சானுக்கு வயது ஏறியது, எண்ணும் ஏறியது, டப்பாவைத் தங்கையிடமே ஒப்படைத்துவிட்டார். ஊஞ்சல் என்று பெயர் வாங்கியவர் கிரேனை விட்டுவிட்டு லாரி ஓட்டுகிறார். அது அவருக்கு நன்றாக வருகிறது. நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். அந்தக் கட்டடம் முடிந்து, அதில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள்.